ரெண்டு போல்ட் தூரம்

திருமழிசை தொழிற்பேட்டைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பா மேல் ஒரு வேன் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவருடைய வண்டி அங்கே ஷெட் போட்டிருந்த மெக்கானிக்கிடம் பிரிந்து கிடக்கிறது என்று அப்போதெல்லாம் அர்த்தம். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு அந்த டப்பாவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை. பல்லும் கடித்திருக்கிறேன்.

மற்ற ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பிரித்தால் ஓனருக்கு போன் வரும். "அது போயிடுச்சு, இது போயிடுச்சு, மொத்தமா மாத்திடலாமா?" என்று கேட்பார்கள். நாமும் ஒன்றும் புரியாமல் சரி என்போம். இவரிடம் அந்தக் கதை நடக்காது. பிரித்த அன்று ஓனர் நேரில் வந்தாக வேண்டும். வராவிட்டால் கழற்றிய போல்ட் ஒன்றுகூட திரும்ப ஏறாது. மாமியார் செத்துவிட்டார் என்று சொன்ன ஒருவனிடம், "காரியம்லாம் முடிச்சிட்டு ஒயுங்கா வா நைனா, வண்டி எங்க போவப்போவுது" என்று சொன்னவர் அவர்.

நாம் போனதும் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் ஒரு பழைய போர்வையை விரிப்பார். மயில் படம் போட்ட போர்வை. மயிலின் கழுத்தில் எண்ணெய்க் கறை ஏறி அது காக்காயாகிப் பல காலம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மனைவி அதைத் துவைத்துப் போடுவார், திங்கட்கிழமையே அது மறுபடி காக்காயாகிவிடும். அந்தப் போர்வை மேல் கழற்றிய சாமான்களை மூன்று வரிசையாக வைப்பார். முதல் வரிசை 'புதுசு போட்டே ஆவணும்'. இரண்டாவது வரிசை 'பழசே போதும்'. மூன்றாவது வரிசை 'அப்பால பாக்கலாம்'. இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் கசியாமல் நடுவே வைக்கும் கேஸ்கட், ஆயில் சீல், செம்பு வாஷர், ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். பிறகு இடது கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் வைத்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டுவார். எங்காவது நகம் தட்டினால் அந்த இடத்தில் நின்றுவிடுவார். அதற்காகவே அந்த ஒரு நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார், மற்ற ஒன்பதும் ஒட்ட வெட்டியிருக்கும். பிறகு நம் கையில் கொடுத்து, "நீயும் தடவிப் பாரு" என்பார். நம் நகத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்ட வேண்டும்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி கீதுபா," என்பான் பாபு. பாபு என்னைப் போலவே ஆபீஸுக்கு வேன் ஓட்டுகிறவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "பஜ்ஜி சொஜ்ஜி மட்டுந்தான் கொறைச்சல்."

இந்தக் கூத்தில் எங்களுக்கு முதலில் பிடிபடாமல் இருந்தது அவர் எதை எந்த வரிசையில் வைக்கிறார் என்பதுதான். சாமான் நல்லதா கெட்டதா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். விலை அதற்கும் கீழே. முதலில் கேட்பது ஒரே கேள்வி.

"இவன் எட்டுற எடத்துல கீறானா, எட்டாத எடத்துல கீறானா?"

பாபுவின் வண்டிக்கு ஒரு தடவை கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது. கியர் பாக்ஸை இறக்கியதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆயில் சீல் ஒன்று வெளியே தெரிந்தது. சொட்டு எண்ணெய்கூடக் கசியாமல் நன்றாக இருந்தது. அதை எடுத்து முதல் வரிசையில் வைத்தார். பாபு டப்பாவிலிருந்து எழுந்துவிட்டான்.

"அண்ணாத்தே, நல்லாத்தான கீது? இத ஏன் மாத்துற?"

"நல்லாத்தான் கீறான். ஆனா கியர் பாக்ஸ எறக்குனாத்தான் இவன் மூஞ்சியே தெரியும். ஆறு மாசம் கயிச்சி இவன் அழுதான்னா, இவன் ஒருத்தனுக்கோசரம் மறுபடி கியர் பாக்ஸ எறக்குவியா?"

பாபு யோசித்தான். அதே வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் தினமும் காலையில் கழுதை மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அதை இரண்டாவது வரிசையில் வைத்தார்.

"இது கத்துதே?"

"கத்தட்டும். ரெண்டு போல்ட்டு. என்னிக்கி நிக்குதோ அன்னிக்கி கயட்டிக்கலாம்."

நல்லதை மாற்றுகிறார், கெட்டதை விடுகிறார் என்று பாபு பூந்தமல்லி வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தான். ஆனால் அந்த ஸ்டார்ட்டர் இன்னும் ஒன்றரை வருடம் கத்தியே ஓடியது. அதற்கு அவன் வாய் திறந்து நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. என்ஜினுக்குக் காற்றூட்டும் டர்போ பக்கம் பேஸ்ட் ட்யூப் வரவே கூடாது. கேஸ்கட் கிடைக்காத அவசரத்தில் டிரைவர்கள் ட்யூபைப் பிதுக்கி சாம்பல் நிறப் பேஸ்ட்டைத் தடவி மூடிவிடுவார்கள். காய்ந்தால் ரப்பர் மாதிரி இறுகிக்கொள்ளும், கசிவு நிற்கும். வேறு இடங்களில் அவரும் அதைப் பயன்படுத்துவார். ஆனால் டர்போவுக்குப் போகும் எண்ணெய் வழியில் யாராவது தடவியிருந்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

"பேஸ்ட்டுக்குக் கண்ணு கெடையாது நைனா. வெளிய பிதுங்குறது நமக்குத் தெரியும். உள்ள பிதுங்குறது யாருக்குத் தெரியும்?"

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்து இவருக்கும் சோறு வைத்துவிட்டு, டப்பாவில் உட்கார்ந்திருக்கும் பாவப்பட்டவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பார். புருஷனைப் பற்றி யாராவது புகார் சொன்னால் அவருக்குக் கொண்டாட்டம். கூடவே சேர்ந்துகொள்வார்.

"எங்க ஊட்டு பாத்ரூம வந்து பாருப்பா. டைல்ஸ் போடச்சொல்லோ சொவத்துக்குள்ள கீற பைப்பு மொத்தத்தையும் புடுங்கி புதுசு போட்டாரு. அது நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய கீற கொழா மூணு வருசமா ஒயுவுது. துணி சுத்தி வெச்சிகீறேன். ஊர்ல எவனாவது இப்டி பண்ணுவானா?"

"கொழா கை எட்டுற எடத்துல கீதுமே," என்பார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

"எட்டித்தான் மாத்தேன்யா! யாரு வேணான்னது?"

அவர் டம்ளரை எடுத்து மோரை உறிஞ்சுவார். ஒரு நாள் அந்த அம்மா விடாமல், "சரி, என்னிய எந்த வரிசையில வெச்சிகீற?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் இரண்டு மூன்று பேர் இருந்தோம். மெக்கானிக் போர்வையை ஒரு பார்வை பார்த்தார். "நீ போர்வையிலயே இல்லம்மே," என்றார். அந்த அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது சிரித்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். படிப்பு ஏறவில்லை, ஸ்டியரிங் ஏறிவிட்டது. பன்னிரண்டு சீட் டீசல் வேன் ஒன்று சொந்தமாக வைத்திருந்தேன். வாரநாட்களில் ஆவடியிலும் பூந்தமல்லி அபார்ட்மெண்டுகளிலும் ஆட்களை ஏற்றி அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் டிரிப். அந்த ஒரு வண்டிதான் என் வீட்டுக்குச் சோறு.

அந்த வண்டிக்கு ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. அவரிடம் விட்டேன். போர்வை விரிந்தது, டப்பாவில் உட்கார்ந்தேன். ஹெட் கேஸ்கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, ஒரு தடவை நசுங்கியதை மறுபடி போடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. வேலைக்காக டர்போவையும் கழற்றியிருந்தார். டர்போ என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காற்றாடி. என்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும். அது சுற்றுகிற வேகத்துக்கு, மேலே ஒரு சின்னத் துளை வழியாக நூல் மாதிரி இறங்கும் எண்ணெய்தான் அதன் உயிர். அந்தத் துளையும் எண்ணெய்க் குழாயும் சேரும் இடத்தில் ஒரு தகட்டு கேஸ்கட் உண்டு. தீப்பெட்டியின் பாதிகூட இருக்காது. இரண்டு போல்ட் அதைப் பிடித்திருக்கும்.

கடையிலிருந்து வந்த கேஸ்கட் செட்டில் அந்த ஒன்று மட்டும் இல்லை.

"நாளைக்கு சாய்ங்காலம் வந்துடும். ஒரு நாளு பொறு," என்றார்.

"ண்ணா, நாளைக்குக் காலைல ட்யூட்டிண்ணா. அந்த ஆபீஸ்ல ஒரு நாள் லேட்டானாலே மூஞ்சியக் காட்டுவாங்க. பழசே போதும்ணா."

முதல் வரிசையில் இருந்த அந்தத் தகட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தை ஓட்டினார். என்னிடம் கொடுத்தார், நானும் ஓட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு அதை இரண்டாவது வரிசைக்கு மாற்றினார். ஒரு சாமான் வரிசை மாறியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எட்டுற எடம், அதுனால வுடறேன். கசிஞ்சா நேரா எங்கிட்ட வா. ரெண்டு போல்ட்டு, பத்து நிமிசம். நீயா ஒண்ணியும் பண்ணாத."

சரி சரி என்று சாவியை வாங்கிக்கொண்டு பறந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்றை மாங்காடு கோயிலுக்கு அழைத்துப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே எண்ணெய் கருகும் நாற்றம். பானட்டைத் திறந்தால் அந்தத் தகட்டு ஓரத்தில் எண்ணெய் கசிந்து சூடான இரும்பில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. மாங்காட்டிலிருந்து திருமழிசை அரை மணி நேரம். சாமி கும்பிடப் போனவர்கள் வரிசையில் நின்று வெளியே வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டியிருந்தாலும் அவர் பின்னால் வீட்டில்தான் இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். போயிருக்கலாம்.

போகவில்லை. போனால் அந்த மனிதர் டப்பாவைக் கவிழ்த்துப் போடுவார், போர்வையை விரிப்பார், நகத்தை ஓட்டுவார் என்று எனக்கு அலுப்பு. எதிரே ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. ஒரு பேஸ்ட் ட்யூப் வாங்கினேன். இரண்டு போல்ட்டையும் கழற்றி, அதே தகட்டில் இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவி, இறுக்கிவிட்டேன். கசிவு நின்றுவிட்டது. அன்று நான் அம்மனுக்குச் சொன்ன நன்றியில் பாதியை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி பைபாஸில் போகும்போது என்ஜினில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு பின்னால் நீலப் புகை. பிறகு இழுவையே இல்லை. ஓரம் கட்டினேன். பதினோரு பேரும் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் போனில் சத்தம்கூடப் போடவில்லை. "திங்கட்கிழமை வண்டி வரணும். இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா வேற வண்டி பாத்துக்குறோம்," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டே வண்டியைக் கட்டி இழுத்துத் திருமழிசை போய்ச் சேர்ந்தேன். ஷெட்டுக்கு எதிரே டீக்கடை. அவர் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பாபுவும் இன்னும் இரண்டு டிரைவர்களும் கூட இருந்தார்கள். அந்த இரண்டு பேரின் வண்டிகளும் ஷெட்டில் வேலைக்காக நின்றிருந்தன. அவரைப் பார்த்ததும் என் பயம் முழுக்கக் கோபமாகிவிட்டது.

"பழைய கேஸ்கட்ட மாட்டிவுட்டியே, இப்போ டர்போவே போச்சு! உன்ன நம்புனேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். ரெண்டு விரக்கடை தகடு, அத மாத்த உனக்கு வலிச்சுதா? பெருசா போர்வையெல்லாம் விரிக்கிறியே, என்னாத்துக்கு?"

ஊர் பார்க்கக் கத்தினேன். பழசே போதும் என்று கெஞ்சியது நான். அதை அவர் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்தார்.

"ஆமா, நான்தான் வெச்சேன்," என்றார். "பிரிச்சிப் பாத்துடலாம் வா."

அவர் ஒத்துக்கொண்டார் என்றுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. மத்தியானத்துக்குள் அந்த இரண்டு டிரைவர்களும் ஏதோ சாக்கு சொல்லி வண்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பாபு தன் வண்டியை மறுநாள் விடுவதாக இருந்தான். "நான் அப்பால வரேன் அண்ணாத்தே," என்று நழுவிவிட்டான். நானோ என் டர்போவைப் பற்றியே நினைத்துக்கொண்டு டப்பாவில் உட்கார்ந்திருந்தேன்.

டர்போவைக் கழற்றிப் போர்வையில் வைத்தார். அதன் தண்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்து நீலம் பாரித்திருந்தது. விரலால் அசைத்தால் ஆடியது. பிறகு எண்ணெய் இறங்கும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு மெதுவாக எதையோ இழுத்தார். அரிசி அளவில் ஒரு துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது. சாம்பல் நிறம். ரப்பர் மாதிரி.

எனக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவருக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து, விட்டுப்போன ஜாக்கியை எடுக்க பாபு உள்ளே வந்தான். "இன்னா அண்ணாத்தே, கேஸ்கட்டுதானா?" என்று குனிந்தான்.

அவர் கையை மூடிக்கொண்டார்.

"இன்னும் பாக்கல நைனா."

பாபு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனான். கையைத் திறந்து காட்டியிருந்தால் அந்த நிமிடமே அவர் பெயர் மீண்டிருக்கும், என் பெயர் நாறியிருக்கும். பாபுவுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஆவடி வரைக்கும் தெரிந்துவிடும். அவர் பாபு ரோட்டைத் தாண்டும் வரை காத்திருந்தார். பிறகு அந்தத் துணுக்கைப் போர்வையின் மூலையில், எந்த வரிசையிலும் சேராமல், என் காலடியில் வைத்தார்.

"கசிஞ்சப்போ எங்க இருந்த?"

"மாங்காட்டுல."

"இங்க வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"அர மணி நேரம்ணா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கம்பியைத் துணியில் துடைத்துக்கொண்டே தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"எட்டுற எடத்துல கீதேன்னு வெச்சேன். கசிஞ்சா நீ வருவியான்னு கேக்கல பாரு. அது என் தப்பு."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பட்டதில்லை, பிறகும் பட்டதில்லை. போர்வையின் காக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் அவர் ஒன்றும் குறைத்துவிடவில்லை. டர்போவின் உள்பாகம் புதுசு. மேலே எண்ணெய் இறங்கும் இடத்துக்கும் கீழே வெளியேறும் இடத்துக்கும் புது கேஸ்கட். எண்ணெய் வரும் குழாயும் முதல் வரிசைக்குப் போனது. அதைக் கழுவினால் போதாதா என்று மெல்ல இழுத்தேன்.

"உள்ள பாக்க முடியாது நைனா. இன்னொரு துணுக்கு உள்ள குந்திகினு கீறானான்னு யாருக்குத் தெரியும்? எட்டாத எடம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் ஏறியது. கடைசிக் குழாயை மாட்டுவதற்கு முன்பு ஒரு சின்ன இங்க் ஃபில்லரில் எண்ணெய் எடுத்து, டர்போவின் துளையில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் காற்றாடியைச் சுற்றினார். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போல இருந்தது. என்ஜின் பிடித்ததும் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். "போ. நாளைக்கி ட்யூட்டிக்கு ஒயுங்கா போ," என்றார்.

திங்கட்கிழமை பதினோரு பேரும் நேரத்துக்கு ஆபீஸில் இறங்கினார்கள். வண்டி பூ மாதிரி ஓடியது. எனக்குத்தான் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை ஷெட் பக்கமாகப் போனேன். எப்போதும் மூன்று வண்டி நிற்கும் இடத்தில் ஒன்றுமில்லை. அவர் வெறுமனே உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். புதன்கிழமையும் அதே. அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை டிரிப் முடிந்ததும் நேராக அந்த டீக்கடைக்குப் போனேன். பாபு இருந்தான், அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை கத்திய அதே குரலில் கத்தினேன், அப்போதுதான் சமமாகும் என்று பட்டது. பேஸ்ட் தடவியது நான். மாங்காட்டில் தடவினேன். அது உள்ளே பிதுங்கி எண்ணெய் வழியை அடைத்துவிட்டது. பழைய கேஸ்கட்டே போதும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். அவர் அந்தத் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டே உங்களிடம் காட்டாமல் இருந்தார்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பாபுதான் ஆரம்பித்தான்.

"அடப் பாவி! நான் ஜாக்கி எடுக்கப் போனனே, அப்பவா? கைய மூடிகினாரே, அதுலயா இருந்துச்சு?"

"ஆமா."

"மவனே, உன்ன…" என்று தொடங்கி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லாம் நியாயமான வார்த்தைகள். வாங்கிக்கொண்டேன். என் டீயையும் அவனே குடித்தான். ஆனால் அன்று மத்தியானமே அவன் வண்டி அந்த ஷெட்டில் நின்றது, சனிக்கிழமைக்குள் மற்ற இரண்டும் வந்துவிட்டன.

அடுத்த வாரம் பாபுவின் வண்டிக்குப் போர்வை விரித்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். பயந்துகொண்டே போனேன். டப்பாவில் பாபு உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயை எடுத்துத் தடவிப் பார்த்து இரண்டாவது வரிசைக்குக் கொண்டுபோனவர், பாதியில் நின்றார்.

"இவன் கசிஞ்சா வருவியா?" என்று பாபுவைக் கேட்டார்.

இந்தக் கேள்வி புதிது. பாபு, "டைம் இருந்தா வரேன் அண்ணாத்தே," என்றான். குழாய் நேராக முதல் வரிசைக்குப் போய்விட்டது. அன்று பாபு எத்தனை இடத்தில் இழுத்தானோ அத்தனை சாமானும் புதுசாகிவிட்டது. என்னைப் பார்த்து அவன் பல்லைக் கடித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேலை முடிந்ததும் மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்தத் தகட்டு கேஸ்கட், புத்தம் புதுசு.

"வண்டியில வெச்சிக்கோ. நீ மாட்டறதுக்கு இல்ல. கசிஞ்சா இத எடுத்துகினு எங்கிட்ட வர்றதுக்கு."

அப்போது மோர் டம்ளரோடு வந்த அவர் மனைவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இன்னா மந்திரம் போட்டியோ தெரியலப்பா. ஞாயித்துக்கெயம அவரே போயி, எட்டுற எடம்னு சும்மா வுட்டா ஆவாதுன்னுகினே அந்தக் கொழாய மாத்திட்டாரு," என்றார். மெக்கானிக் காதில் விழாதது போல ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் திருமழிசையில் இருந்தார். மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, பேத்தியும் பிறந்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு ஷெட் போட்டிருப்பதாகவும், போர்வையை மட்டும் மாற்றிவிட்டதாகவும் பாபு சொன்னான். ஷெட்டைப் பூட்டிய அன்று நான் டிரிப்பில் இருந்தேன். சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

அந்த கேஸ்கட் என் வண்டியில், தலைக்கு மேல் வெயில் மறைப்பில், கவரோடு செருகியே இருந்தது. அந்த இடம் அதற்குப் பிறகு கசியவே இல்லை. போன வருடம் ஒரு கல்யாண டிரிப் ஓசூருக்குக் கிடைத்தது. ஆட்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு, கேஸ்கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவர் ஷெட்டைக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது. இடது கட்டைவிரல் நகம் மட்டும் அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். கவரைக் கொடுத்தேன். தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தை ஒரு சுற்று ஓட்டினார்.

"கசியுதா?"

"இல்லண்ணா. சொட்டுகூடக் கசியல."

"அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்துகீற?"

"கசிஞ்சா வருவியான்னு கேக்காம வுட்டேன்னு அன்னைக்கிச் சொன்னீங்களேண்ணா. வருவேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் தகட்டைத் திரும்ப கவருக்குள் போட்டு, என் சட்டைப் பையில் அவரே செருகினார். பிறகு ஓரமாகக் கிடந்த ஆயில் டப்பாவைக் காலால் கவிழ்த்து, என் பக்கம் தள்ளினார்.

"குந்து நைனா," என்றவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏம்மே, மாங்காட்டுக்காரன் வந்துகீறான், மோர் எடுத்துகினு வா," என்று கத்தினார்.